கண்வலி விதை சொல்லித் தந்த செல் பிரிவு

ஐப்பசி மாதத்தில் மூலனூர், தாராபுரம் பக்கம் போயிருக்கிறீர்களா? சாலையை ஒட்டிய தோட்டங்களில் கம்பி இழுத்துக் கட்டி, முள் நட்டு, அதன்மேல் படரவிட்ட கொடிகளில் செங்காந்தள் பூத்திருக்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரமெல்லாம் நெளிநெளியாக மேல்நோக்கி மடிந்த இதழ்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் பட்டியலே இந்தப் பூவில்தான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் அதைக் கண்வலி என்போம். பூவுக்காக யாரும் கண்வலி போடுவதில்லை, விதைக்காகத்தான். காலை வெயில் ஏறுவதற்குள் ஆள் விட்டு, ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்க வேண்டும். காய் முற்றியதும் பறித்து உலர்த்தி, உள்ளே இருக்கும் செம்மஞ்சள் விதையைப் பிரித்துக் காயவைத்தால் வியாபாரி வந்து எடை போட்டு வாங்கிப் போவார். ஒரு வருடம் விலை ஏறும், மறு வருடம் சரியும்.

என் சித்தப்பா பல வருடமாகக் கண்வலி போடுகிறார். "ஏங் கண்ணு, நீதான் பயாலஜி பாடம் எடுக்கறயே, இந்த வெதைய வாங்கீட்டுப் போயி என்னதான் பண்றாங்க?" என்று ஒருமுறை கேட்டார். "மருந்துக்குங்க சித்தப்பா" என்றேன். "அதான், என்ன மருந்துக்கு?" என்றார். அதற்கு நியாயமான பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு செல் எப்படி இரண்டாகிறது என்பதில் தொடங்க வேண்டும். அந்த விதைக்குள் இருக்கும் பொருள் மருந்தாக எவ்வளவு பயன்பட்டதோ, அதே அளவுக்கு மைட்டாசிஸ் என்ற நிகழ்வைப் புரிந்துகொள்ளவும் பயன்பட்டிருக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

பொருளின் பெயர் கோல்ச்சிசின். 1820-ல் பாரிஸில் பெல்த்தியே, கவாந்து என்ற இருவர் கோல்ச்சிகம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். அதே வருடம் குயினைனைப் பிரித்தெடுத்தவர்களும் இவர்களே. செங்காந்தளும் கோல்ச்சிகமும் ஒரே தாவரக் குடும்பம், ஆகவே ஒரே நஞ்சு. இது ஒரு செல்லுக்குள் போனால், பிரிந்துகொண்டிருக்கும் செல் நட்டநடுவில் அப்படியே நின்றுவிடும்.

எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

மைட்டாசிஸை நாம் நான்கு படங்களாகப் படித்தோம். இன்றும் அப்படித்தான் நடத்துகிறோம். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். நான்கையும் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண். படம் தவறில்லை. ஆனால் படத்தில் எல்லாம் அசையாமல் நிற்பதால், அந்த வரிசையில் உண்மையில் என்ன சிக்கல், செல் எதற்காக இவ்வளவு பாடுபடுகிறது என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

சிக்கல் இதுதான். மனித செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள். அவற்றில் உள்ள டிஎன்ஏவை நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது கிடப்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராத உட்கருவுக்குள். பிரிவதற்குச் சில மணி நேரம் முன்பே செல் அது முழுவதையும் ஒருமுறை நகல் எடுத்துவிடுகிறது. இப்போது ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டை. இந்த 46 இரட்டைகளையும் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் சரியாக ஒரு பிரதி இந்தப் பக்கம், ஒரு பிரதி அந்தப் பக்கம் போகச் செய்ய வேண்டும். இந்தப் பக்கம் 47, அந்தப் பக்கம் 45 என்று ஆகிவிடக் கூடாது. எண்ணிப் பார்க்க செல்லுக்குக் கண் கிடையாது, மேற்பார்வை பார்க்க யாரும் இல்லை. இருப்பவை சில ஆயிரம் வகைப் புரதங்களும் அவை ஒன்றோடொன்று மோதி ஒட்டி விலகும் வேகமும் மட்டுமே. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நம் செல்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகின்றன.

முதலில் நகல் எடுத்த டிஎன்ஏ சுருண்டு சுருண்டு இறுகுகிறது. 2 மீட்டர் நீளத்தை அவிழ்ந்த நிலையில் பிரிக்க முடியாது, சிக்கிக்கொள்ளும். இறுகிய பிறகு ஒவ்வொரு குரோமோசோமும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு நீளமுள்ள குட்டையான தடியாகிவிடுகிறது. நுண்ணோக்கியில் அது தெரியத் தொடங்குவதும் இப்போதுதான். இரண்டு பிரதிகளும் கோஹீசின் என்ற புரத வளையங்களால் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இடுப்பு மாதிரி ஒடுங்கிய இடத்தில், ஒவ்வொரு பிரதிக்கும் வெளிப்பக்கம் பார்த்தபடி, கைனெட்டோகோர் என்ற புரதத் திரள் உருவாகிறது. 46 இரட்டைகள் என்றால் 92 கைனெட்டோகோர்கள்.

பிறகு உட்கருவின் உறை கலைந்துபோகிறது. செல்லின் இரு துருவங்களிலிருந்தும் நுண்குழல்கள் புறப்படுகின்றன. டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டாகும் குழாய்கள் இவை. ஒன்றின் விட்டம் 25 நானோமீட்டர். பாடப்படத்தில் கதிர்க்கோல் இழைகள் என்று அழகாக வளைந்த கோடுகளாகப் போட்டிருப்போமே, அவைதான். ஆனால் கோடு போட்டதுபோல் அவை ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒரு நுண்குழல் வளர்ந்துகொண்டே போகும், திடீரென்று நுனி உதிர்ந்து சரசரவெனச் சுருங்கும், மறுபடி வளரும். டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் 1984-ல் இந்தக் குணத்தைக் காட்டினார்கள். பார்க்க வீண்வேலையாகத் தோன்றும். உண்மையில் தேடும் முறையே அதுதான். நூற்றுக்கணக்கான குழல்கள் நீண்டு, சுருங்கி, வேறு திசையில் நீண்டு, செல்லுக்குள் துழாவுகின்றன. ஒரு குழலின் நுனி தற்செயலாக ஒரு கைனெட்டோகோரைத் தொட்டால் பிடித்துக்கொள்ளும். தொடாதவை உதிர்ந்துவிடும்.

தற்செயலாகப் பிடிப்பதால் தவறாகவும் பிடிக்கும். ஒரே துருவத்திலிருந்து வந்த குழல்கள் இரண்டு பிரதிகளையும் பிடித்துவிடலாம். அப்படியே பிரிந்தால் இரண்டும் ஒரே பக்கம் போய்விடும். சரியாகப் பிடித்திருக்கிறதா என்று செல் எப்படித் தெரிந்துகொள்கிறது? இழுவிசையை வைத்து. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் ஆள் இருந்தால்தானே கயிறு விறைப்பாக நிற்கும்? அதேதான் இங்கும். இரு பிரதிகளையும் எதிரெதிர்த் துருவங்கள் இழுக்கும்போது நடுவில் உள்ள கோஹீசின் கட்டு விட்டுக்கொடுக்காமல் நிற்பதால் விறைப்பு உண்டாகிறது. விறைப்பு வந்த பிடி நிலைக்கும். விறைப்பு வராத பிடியை அரோரா பி என்ற நொதி தளர்த்தி விட்டுவிடும். குழல்கள் மறுபடி துழாவும், மறுபடி பிடிக்கும். சரியாக அமையும்வரை இது நடந்துகொண்டே இருக்கும்.

இப்படி ஒவ்வொன்றாகச் சரியாகி, எல்லாக் குரோமோசோம்களும் செல்லின் நடுக்கோட்டில் வந்து நிற்பதுதான் மெட்டாஃபேஸ். கோல்ச்சிசின் பட்ட செல் இந்த இடத்தைத் தாண்டிப் போகாது.

செல் பிரிவை முறையாகப் பார்த்து எழுதியவர் வால்டர் ஃபிளெமிங். ஜெர்மனியின் கீல் நகரத்தில், சாலமாண்டர் என்ற நீர்நில வாழ்வியின் லார்வாக்களை வைத்துப் பார்த்தார். அதன் செல்களும் குரோமோசோம்களும் பெரியவை என்பதால் அந்தத் தேர்வு. அப்போது புதிதாக வந்திருந்த செயற்கைச் சாயங்களில் திசுக்களை ஊறவைத்து, இழைகள் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பதைக் கண்டு, 1882-ல் புத்தகமாக வெளியிட்டார். அவருடைய படங்களை இன்று பார்த்தாலும் திருத்த அதிகம் இருக்காது. ஆனால் அவை பெரும்பாலும் சாயமேற்றிய, இறந்த செல்களின் படங்கள். அதனால் கதிர்க்கோல் இழைகள் உயிருள்ள செல்லிலும் உண்டா, அல்லது ரசாயனத்தில் போட்டுக் கொன்றதால் உண்டான கோடுகளா என்ற சந்தேகம் எழுபது வருடம் தீராமலே இருந்தது.

இடையில் இன்னொரு கேள்விக்கும் விடை தப்பாகவே இருந்தது. மனிதனுக்கு எத்தனை குரோமோசோம்? டெக்சாஸில் தியோஃபிலஸ் பெயின்டர் 1923-ல் 48 என்றார். முப்பது வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் 48 என்றே இருந்தது. எண்ணுவது அவ்வளவு கடினம். பிரியாத செல்லில் குரோமோசோம்கள் இறுகாமல் கிடக்கும், தெரியாது. பிரியும் செல்லிலோ ஒரு மூலையில் நெருக்கி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்.

இந்த இடத்தில்தான் கோல்ச்சிசின் வருகிறது. சுவீடனின் லுண்ட் நகரத்தில் ஆல்பர்ட் லெவான் என்ற மரபியலாளர் வெங்காய வேரில் கோல்ச்சிசின் என்ன செய்கிறது என்று 1938-லேயே எழுதியிருந்தார். குரோமோசோம்கள் இறுகும், கதிர்க்கோல் அமையாது, குரோமோசோம்கள் எந்தப் பக்கமும் போகாமல் செல்லுக்குள் பரவிக் கிடக்கும். ஒரு திசுவில் எந்த நேரத்திலும் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் கொஞ்சம்தான். கோல்ச்சிசின் போட்டால் பிரியத் தொடங்கும் ஒவ்வொன்றும் அதே கட்டத்தில் வந்து நின்று, பார்ப்பதற்காகச் சேர்ந்துகொண்டே போகும்.

லெவானின் ஆய்வகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர் ஜோ ஹின் ட்ஜியோ. ஜாவாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சிறை முகாமில் வதைபட்டவர். அவர் மனிதக் கருவின் நுரையீரல் செல்களை வளர்த்து, கோல்ச்சிசின் கொடுத்து நிறுத்தி, உப்புச் செறிவு குறைந்த திரவத்தில் போட்டு உப்பவைத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்த்தார். குரோமோசோம்கள் தனித்தனியாக விரிந்து கிடந்தன. 1955 டிசம்பர் 22 அன்று எண்ணினார். 46. 261 செல்களில் எண்ணிய முடிவை இருவருமாக 1956-ல் வெளியிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, 1959-ல், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு 47 குரோமோசோம்கள் என்பதை பாரிஸில் மார்த்த கோத்தியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் துர்பான் காட்டினார்கள். சரியான எண் 46 என்று தெரிந்திருக்காவிட்டால் 47 என்பதற்கு எந்த அர்த்தமும் இருந்திருக்காது.

இந்த முறை இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. அடிக்கடி கரு கலைகிறது என்றோ, குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் என்றோ டாக்டர் கேரியோடைப் டெஸ்ட் எழுதிக் கொடுத்தால், கோயம்புத்தூரிலும் சென்னையிலும் லேபில் நடப்பது இதுதான். ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள் சாதாரணமாகப் பிரியாது. ராஜ்மா வகைப் பயறிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைப் போட்டு அவற்றைப் பிரியத் தூண்டுகிறார்கள். இரண்டு மூன்று நாள் வளர்த்த பிறகு கோல்ச்சிசினையோ அதற்கு உறவான கோல்செமிடையோ போட்டு நிறுத்துகிறார்கள். பிறகு விரித்து, சாயமேற்றி, படமெடுத்து, 46-ஐயும் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு அடுக்குகிறார்கள். "ரத்தப் பரிசோதனைதானே, ரிசல்ட் வர ஏன் இத்தனை நாள்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். செல் வளர வேண்டும், பிரியத் தொடங்க வேண்டும், சரியான இடத்தில் நிற்க வேண்டும்.

கதிர்க்கோல் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்தவர் ஷின்யா இனோவே. போர் முடிந்த ஜப்பானில், மிசாகி கடல் ஆய்வு நிலையத்தில், கழித்துப்போட்ட இயந்திரத் துப்பாக்கியின் அடிப்பாகத்தையும் டீத்தூள் டின்னையும் வைத்து ஒரு நுண்ணோக்கி கட்டினார். முனைவாக்கிய ஒளியில் பார்க்கும் கருவி அது. இழைகள் ஒரே திசையில் அடுக்கியிருந்தால் அந்த ஒளியில் பளிச்சென்று தெரியும், சாயமே வேண்டாம், செல்லைக் கொல்ல வேண்டாம். பின்னர் அமெரிக்காவில் இன்னும் நல்ல கருவிகளைக் கட்டி, 1950-களின் தொடக்கத்தில், உயிருள்ள செல்லுக்குள் கதிர்க்கோல் இழைகளைக் காட்டினார். செல்லைக் குளிரவைத்தால் இழைகள் மறைந்தன. வெதுவெதுப்பாக்கினால் சில நிமிடங்களில் திரும்பி வந்தன. கோல்ச்சிசின் கொடுத்தால் சுருங்கி மறைந்தன. ஆக, கதிர்க்கோல் என்பது ஒருமுறை கட்டி முடித்த கட்டடம் இல்லை, நொடிக்கு நொடி சேர்ந்தும் உதிர்ந்தும் நிலைத்திருக்கும் ஒன்று என்று அவர் புரிந்துகொண்டார். என்னைக் கேட்டால், மைட்டாசிஸ் வரலாற்றில் இவ்வளவு அழகான சோதனைகள் குறைவு.

அந்த இழை எந்தப் புரதத்தால் ஆனது? இதற்கும் வழி கோல்ச்சிசின்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேரி பொரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய கோல்ச்சிசினைத் திசுச் சாறுகளில் கலந்து, அது எதனோடு போய் ஒட்டுகிறது என்று தேடினார்கள். ஒரே ஒரு புரதத்தோடு ஒட்டியது. 1967-ல் வெளியிட்டார்கள். டியூபுலின் என்ற பெயர் அடுத்த வருடம் வந்தது. இதில் எதிர்பாராத ஒன்று, அந்தப் புரதம் மூளையில் ஏராளமாகக் கிடைத்தது. மூளை நரம்பு செல்கள் பிரிவதே இல்லை. பிறகு எதற்கு அவ்வளவு டியூபுலின்? நரம்பு செல்லின் நீண்ட இழைக்குள் பொருள்களைக் கொண்டுபோகும் பாதை நுண்குழல்கள்தான். பிரியும்போது குரோமோசோமை நகர்த்தும் அதே குழல், மற்ற நேரங்களில் செல்லின் உள்போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கிறது. கோல்ச்சிசின் டியூபுலின் துணுக்கோடு ஒட்டிக்கொண்டு, அது குழலில் சேர விடாமல் தடுக்கிறது. குழல் இல்லையென்றால் பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லையென்றால் விறைப்பும் இல்லை.

சரி, குழல் இல்லாவிட்டால் குரோமோசோம் நகராது, அது புரிகிறது. ஆனால் செல் ஏன் அங்கேயே நிற்க வேண்டும்? இழுக்க வழியில்லை என்றால் இழுக்காமலே பிரிந்து தொலையலாமே? நான் மாணவர்களிடம் அவசியம் எழுப்பும் கேள்வி இது. செல் நிற்பது முடியாமல் இல்லை. அது காத்திருக்கிறது.

1991-ல் இரண்டு குழுக்கள் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டில் இதைக் கண்டுபிடித்தன. நுண்குழல்களைக் கெடுக்கும் மருந்து கொடுத்தால் சாதாரண ஈஸ்ட் பிரியாமல் காத்திருக்கும். சில ஜீன்கள் பழுதான ஈஸ்ட் காத்திருக்காமல் பிரிந்து, குரோமோசோம்களைத் தாறுமாறாகப் பங்கிட்டுச் செத்துப்போனது. அந்த ஜீன்களுக்கு மாட் என்றும் பப் என்றும் பெயர் வைத்தார்கள். நம் செல்களிலும் அவை உண்டு. குழல் பிடிக்காத கைனெட்டோகோர் ஒவ்வொன்றும் "இன்னும் இல்லை" என்ற செய்தியை இந்த ஜீன்கள் உருவாக்கும் புரதங்கள் மூலம் செல் முழுக்கப் பரப்பிக்கொண்டிருக்கும். 92-ல் 91 பிடிபட்டாலும் மிச்சமுள்ள ஒன்று போதும், மொத்தச் செல்லும் நிற்கும்.

1995-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நிக்லஸ் செய்த சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். கும்பிடுபூச்சியின் விந்தணு உருவாகும் செல்களை எடுத்துக்கொண்டார். அங்கே நடப்பது மைட்டாசிஸ் இல்லை, மயோசிஸ், ஆனால் காத்திருக்கும் முறை ஒன்றே. சில செல்களில் ஒரு குரோமோசோம் ஜோடி சேராமல் தனியாக, ஒரே பக்கம் மட்டும் பிடிபட்டு, விறைப்பில்லாமல் இருக்கும். செல் மணிக்கணக்கில் காத்திருக்கும். நிக்லஸ் மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைச் செல்லுக்குள் விட்டு, அந்தக் குரோமோசோமை மறுபக்கம் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டார். சுமார் ஒரு மணி நேரத்தில் செல் பிரியத் தொடங்கிவிட்டது. மறுபக்கம் இழுப்பது யாரென்று செல்லுக்குத் தெரியாது. விறைப்பு வந்தது, அது போதும்.

காத்திருப்பு முடிந்ததும் நடப்பது மளமளவென்று நடக்கும். செப்பரேஸ் என்ற நொதியைக் கட்டிவைத்திருந்த புரதம் அழிக்கப்படுகிறது. விடுபட்ட செப்பரேஸ் கோஹீசின் வளையங்களை வெட்டுகிறது. வியன்னாவில் கிம் நாஸ்மித்தின் குழு இதைக் கண்டறிந்தது. கட்டு அறுந்ததும் விறைத்திருந்த பிரதிகள் இரண்டு பக்கமும் நகர்கின்றன. இது அனாஃபேஸ், சில நிமிடங்கள்தான். பிறகு இரு பக்கமும் உட்கரு உறை கட்டிக்கொள்கிறது, குரோமோசோம்கள் தளர்கின்றன. விலங்கு செல் நடுவில் இறுகிப் பிரிகிறது, தாவர செல் நடுவில் சுவர் எழுப்பிக்கொள்கிறது. இதற்குமேல் இந்தப் பகுதியை நீட்ட எனக்கு விருப்பமில்லை, பாடப்புத்தகத்தில் நன்றாகவே இருக்கிறது. புத்தகத்தில் போதுமான இடம் கிடைக்காதது அந்தக் காத்திருப்புக்குத்தான்.

தாவரங்களில் கோல்ச்சிசினுக்கு இன்னொரு விளைவும் உண்டு. நிறுத்தப்பட்ட செல் கடைசியில் பிரியாமலே உட்கரு கட்டிக்கொண்டால், அதற்குள் குரோமோசோம்கள் இரட்டிப்பாகிவிடும். 1937-ல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் இதைச் செடிகளில் செய்து காட்டியபின் பயிர் விஞ்ஞானிகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். விதையில்லாத தர்பூசணி இந்த வழியில் வந்ததுதான். இரட்டிப்பான செடியைச் சாதாரணச் செடியோடு சேர்த்து, மும்மடங்குக் குரோமோசோம் கொண்ட, விதை கட்ட முடியாத பழத்தை ஜப்பானில் ஹிட்டோஷி கிஹாரா உருவாக்கினார்.

இனி, இதே நஞ்சு ஒரு மனிதருக்குள் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். கண்வலிக் கிழங்கைச் சாப்பிடும் கிழங்கென்று நினைத்து வேகவைத்துத் தின்று ஆபத்துக்கு ஆளானவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. முதல் நாளில் தாங்க முடியாத வாந்தியும் பேதியும். ஏனென்றால் குடலின் உட்சுவர் சில நாளுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகும் இடம், அங்கே செல்கள் ஓயாமல் பிரிகின்றன. அடுத்த சில நாட்களில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியும். எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள் உருவாக வேண்டும், அங்கே பிரிவு நின்றுபோய்விட்டது. பிழைத்துக்கொண்டவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் முடி கொட்டும், முடியின் வேரிலும் செல்கள் வேகமாகப் பிரிபவை. எந்த இடம் அடிபடுகிறதோ, அந்த இடத்தில் மைட்டாசிஸ் நடந்துகொண்டிருந்தது என்று பொருள். நாம் நலமாக இருக்கும்போது இந்த வேலை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

கண்வலி போடும் குடும்பங்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். விதைக்கிழங்கைச் சமையல் கிழங்கு வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள். விதை பிரித்த கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். குழந்தைகள் காயைப் பறித்து விளையாட விடாதீர்கள். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், கைவைத்தியம் பார்க்காமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தின்ற கிழங்கின் மிச்சத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்படியானால் மருந்து என்பது? கவுட் என்ற யூரிக் அமில மூட்டுவலிக்கு மிகக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். அங்கே செல் பிரிவுக்கு வேலையில்லை. வலிக்கும் மூட்டுக்குள் வெள்ளணுக்கள் படையெடுத்து வருவதற்கும் நுண்குழல்கள் வேண்டும், கோல்ச்சிசின் அதைத் தடுத்து வீக்கத்தைக் குறைக்கிறது. 2023-ல் அமெரிக்காவில் 0.5 மில்லிகிராம் மாத்திரையை இதய நோயாளிகளுக்கும் அனுமதித்தார்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இதில் இடைவெளி மிகவும் குறைவு. சில ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்தால் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாத மாத்திரை இது.

புற்றுநோய் என்பதே செல்கள் அடங்காமல் பிரிவது, அப்படியென்றால் கோல்ச்சிசினை அதற்குக் கொடுக்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. நோயாளி தாங்க மாட்டார் என்பதால் அது பயன்படவில்லை. ஆனால் டியூபுலினின் வேறொரு இடத்தில் ஒட்டி ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும் பொருள்கள் நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியில் கிடைத்தன. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். அதன் தங்கை வின்கிறிஸ்டின் 1963-ல் மருந்தாக வந்தது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோயில் இன்றும் அது இல்லாமல் சிகிச்சை இல்லை. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் நித்தியகல்யாணியும் பயிராகிறது. வின்கிறிஸ்டின் ஏறும் குழந்தைக்கு முடி கொட்டுவதும், கால் மரத்துப்போவதும் ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். முதலாவது பிரிவு நிற்பதால். இரண்டாவது, நரம்புக்குள் இருக்கும் அதே நுண்குழல்கள் கெடுவதால். கொட்டிய முடி சிகிச்சை முடிந்ததும் மறுபடி வளரும்.

சித்தப்பாவிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மீதியை வகுப்பில் சொல்கிறேன். என்னைப் போலப் பாடம் எடுப்பவர்களுக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கிய ரெடிமேட் ஸ்லைடைக் காட்டி முடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வெங்காயத்தின் அடிப்பக்கம் தண்ணீரைத் தொடும்படி பாட்டில் வாயில் உட்காரவையுங்கள். சில நாளில் வெள்ளை வேர் விடும். காலை வேளையில் நுனியை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்ததில் ஒரு இரவு போட்டுவையுங்கள். மறுநாள் அசிட்டோகார்மைனில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்காமல் சூடுகாட்டுங்கள். அமிலத்தையும் விளக்கையும் பெரியவர் கையாளட்டும். நுனியில் அதிகம் சிவந்த 2 மில்லிமீட்டரை மட்டும் எடுத்து, கவர் ஸ்லிப் போட்டு, பிளாட்டிங் பேப்பர் வைத்து, கட்டைவிரலால் வழுக்காமல் நேராக அழுத்துங்கள். பெரும்பாலான செல்களில் உட்கரு வெறும் உருண்டையாகத்தான் இருக்கும், அது சரிதான். மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். நடுக்கோட்டில் நிற்பது ஒன்று, இரண்டு பக்கமும் விலகுவது ஒன்று என்று கண்ணில் படும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். நன்றாக விரிந்த செல் ஒன்று கிடைத்தால் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். முதல் ஸ்லைடில் கிடைக்காவிட்டால் அடுத்த வேரை எடுத்துக்கொள்ளுங்கள்.